தீபாவளி இரவின் செயற்கைக்கோள் படமும் ஒரு மாணவியின் கேள்வியும்

கரும்பலகை எழுதியது:

வணக்கம். காவிரிக் கடைமடையில் உள்ள ஒரு பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் பாடம் எடுக்கிறேன். எங்கள் அறிவியல் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் வாரம் ஒரு வானியல் படத்தை ஒட்டுவது வழக்கம். சென்ற தீபாவளியின்போது, "விண்வெளியிலிருந்து நாசா எடுத்த தீபாவளி இரவு" என்ற குறிப்போடு உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். நாடு முழுவதும் வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு என ஒளிப்புள்ளிகள் இறைந்து கிடக்கும் படம். உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். அதை நானே அச்செடுத்துப் பலகையில் ஒட்டினேன். இரண்டு வாரம் கழித்துப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, அது தீபாவளிப் படமே இல்லை என்று எங்கோ படித்ததாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். தேடிப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. படத்தை எடுத்துவிட்டு, சரிபார்க்காமல் ஒட்டியது என் தவறு என்று வகுப்பில் சொன்னேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இங்கே எழுத வந்திருக்க மாட்டேன். அடுத்த வாரம் எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளையின் படத்தை ஒட்டினேன். அதே மாணவி அதன் முன் வெகுநேரம் நின்றிருந்துவிட்டு வந்து கேட்டாள்: "டீச்சர், இந்த ஆரஞ்சு கலரும் கம்ப்யூட்டர்ல போட்டதுதானே? தீபாவளிப் படத்துலயும் கலரு கம்ப்யூட்டர்ல போட்டதுதான். அதை மட்டும் ஏன் எடுத்தீங்க?"

நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இது பெரிய நிறுவனம் வெளியிட்டது, ஆயிரக்கணக்கான அறிவியலாளர்கள் ஏற்றுக்கொண்டது என்று சொன்னேன். ஆனால் தீபாவளிப் படத்திலும் நாசா என்றுதானே எழுதியிருந்தது? இப்போது வகுப்பில் வேறொரு போக்கு தொடங்கியிருக்கிறது. எந்தப் படத்தைக் காட்டினாலும் பின் வரிசையிலிருந்து "ஃபேக்" என்று ஒரு குரல் வருகிறது. சந்திரயான் அனுப்பிய நிலாப் படங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. பொய்யை நம்பக் கூடாது என்று சொல்லப் போய், மெய்யையும் நம்பாத நிலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டேனோ என்று கவலையாக இருக்கிறது.

இரண்டாவது, ஆசிரியர் அறையில் எழுந்த ஒரு சிக்கல். நான் பெரிதும் மதிக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர், திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுவிட்டுத்தான் நகர்கின்றன என்றும், நாசாவே வியந்துபோனது என்றும் மாணவர்களிடம் சொல்கிறார். எங்களுக்குத் திருநள்ளாறு தொலைவில் இல்லை. பாதி மாணவர்கள் சனிப்பெயர்ச்சிக்கு அங்கே போய் வந்தவர்கள். அவருடைய பக்தியைப் புண்படுத்தாமல் இதை எப்படிப் பேசுவது?

பதிலை மாணவர்களுக்குப் படித்துக் காட்ட விரும்புகிறேன். ஆகவே சற்று விரிவாக எழுதினாலும் நல்லது.

புவிநோக்கு எழுதியது:

அம்மா, வணக்கம். பயிர்ப் பரப்பைக் கணக்கிடுவதற்காகச் செயற்கைக்கோள் தரவுகளோடு பல ஆண்டுகளாகப் பழகி வருபவன் என்ற முறையில், உங்கள் மாணவியின் கேள்வி நான் கேட்ட மிக நல்ல கேள்விகளில் ஒன்று என்பதை முதலில் அவளுக்குத் தெரிவித்துவிடுங்கள். அவள் கேள்விக்கான விடை, நீங்கள் பலகையிலிருந்து எடுத்த அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது.

அந்தப் படம் போலி அன்று. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவின் அறிவியலாளர் கிறிஸ் எல்விட்ஜ் 2003இல் உருவாக்கிய மெய்யான ஆய்வுப் படம் அது. அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் வானிலைச் செயற்கைக்கோள்கள் வெவ்வேறு ஆண்டுகளில் பதிவு செய்த இரவு ஒளித் தரவுகளை அவர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். 1992க்கு முன்பே ஒளி தெரிந்த இடங்களுக்கு வெள்ளை நிறம், 1992இல் புதிதாகத் தெரிந்தவற்றுக்கு நீலம், 1998இல் தெரிந்தவற்றுக்குப் பச்சை, 2003இல் தெரிந்தவற்றுக்குச் சிவப்பு என்று வகுத்துக்கொண்டார். மக்கள்தொகையும் ஊர்களும் எப்படிப் பெருகின என்பதைக் காட்டுவதே அவர் நோக்கம். ஓர் இரவைக் காட்டுவதாகச் சொல்லிச் சுற்றிவரும் படம், பத்தாண்டுக்கும் மேற்பட்ட காலத்தைக் காட்டுகிறது. அதிலுள்ள ஒரு பச்சைப் புள்ளி, இருளில் கிடந்த ஏதோ ஓர் ஊர் 1998 வாக்கில் வானத்திலிருந்து தெரியும் அளவுக்கு விளக்கு பெற்றுவிட்டது என்று சொல்கிறது. தீபாவளிக் கதையைவிட இது எனக்குப் பெரிய கதையாகப் படுகிறது. யாரோ ஒருவர் அதன் அடிக்குறிப்பை அறுத்தெறிந்துவிட்டு வேறொன்றை ஒட்டியதால், அந்தக் கதை முழுவதும் காணாமல் போயிற்று.

இந்தப் படம் ஆண்டுதோறும் சுற்றியதால் நாசாவே 2012இல் ஒரு விளக்கம் வெளியிட்டது. சுவோமி என்.பி.பி. என்ற செயற்கைக்கோளில் உள்ள விர்ஸ் என்ற கருவி, தீபாவளிக்கு முந்தைய நாளான 2012 நவம்பர் 12 அன்று இரவு எடுத்த தெற்காசியாவின் படத்தைப் போட்டு, தீபாவளியால் கூடும் வெளிச்சம் விண்வெளியிலிருந்து பார்த்தால் புலப்படாத அளவுக்கு நுட்பமானதாகவே இருக்கும் என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்தப் படத்தில் வண்ணத் திருவிழா எதுவும் இல்லை. சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி ஆகியவை வழக்கம்போல வெளுப்பான திட்டுகளாகத் தெரிகின்றன.

ஏன் புலப்படாது என்பதை மாணவர்களே கணக்கிடலாம். ஒரு மெழுகுவத்திச் சுடர் எல்லாத் திசைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 12 லூமென் (ஒளியை அளக்கும் அலகு) ஒளி தருகிறது; அகல் விளக்கையும் அந்த அளவுக்கே வைத்துக்கொள்வோம். வீட்டில் நாம் போடும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 900 லூமென் தருகிறது. எழுபது, எண்பது அகல்களை வரிசையாக ஏற்றினால்தான் ஒரு பல்பு. தெருவிளக்கு அதைவிடப் பல மடங்கு. மேலும், நம் ஊர்களில் தீபாவளி என்பது விடியலுக்கு முன் எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கொண்டாடும் பண்டிகை. வீடு முழுக்க விளக்கேற்றுவது நமக்குக் கார்த்திகையில்தான். தமிழ்நாடும் சேர்ந்து இரவில் ஒளிர்கிற படம் என்றபோதே நமக்கு ஓர் ஐயம் எழுந்திருக்க வேண்டும். எனக்கும் அந்த ஐயம் முதலில் எழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஒரு திருத்தமும் தேவை. பண்டிகை வெளிச்சத்தைச் செயற்கைக்கோளால் அறியவே முடியாது என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. அதே விர்ஸ் கருவியின் தரவுகளைப் பல இரவுகளுக்குச் சேர்த்து ஒப்பிட்டதில், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையான நாள்களில் அமெரிக்காவின் பல பெருநகரப் பகுதிகள் மற்ற நாள்களைவிட 20 முதல் 50 விழுக்காடு கூடுதலாக ஒளிர்வதாக 2014இல் நாசா அறிவித்தது. அங்கே வீட்டுக்கு வீடு வெளியில் மின்விளக்குச் சரங்களை வாரக்கணக்கில் எரியவிடுகிறார்கள். அளந்து, சராசரி எடுத்து, கழித்துப் பார்த்தால் தெரிகிற வேறுபாடு அது. கண்ணால் பார்த்ததும் நாடே வண்ணமயமாய்த் தெரிவது வேறு.

ஆக, உங்கள் மாணவிக்கு என் விடை இது. இரண்டு படங்களிலும் நிறம் மனிதர் கொடுத்ததுதான். அதில் அவள் சொன்னது முழுக்கச் சரி. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று உருவாக்கியவர் சொல்லியிருக்கிறாரா, அந்தச் சொல் படத்தோடு சேர்ந்தே நம்மிடம் வந்ததா என்பதுதான் பார்க்க வேண்டியது. தீபாவளிப் படத்தில் எடுத்திருக்க வேண்டியது அதன் அடிக்குறிப்பைத்தான்.

பின்னிரவு வானம் எழுதியது:

மேலே எழுதிய நண்பர் பாதியைச் சொல்லிவிட்டார். கருந்துளைப் படத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். இருபது ஆண்டுகளாகச் சிறு தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டி வருகிறேன். "படத்துல இருக்கற மாதிரி இல்லையே" என்ற ஏமாற்றத்தை ஒவ்வொரு முறையும் கேட்பவன் என்பதால், இந்தக் கேள்வி எனக்கு மிக நெருக்கமானது.

எம்87 படம் எந்தக் கண்ணும் காண முடியாத ஒன்றின் படம். 2017 ஏப்ரலில் ஹவாய், அரிசோனா, மெக்சிகோ, சிலி, ஸ்பெயின் ஆகிய ஐந்து இடங்களில் இருந்த ஏழு தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் அந்தத் திசையை நோக்கின; எம்87 தெரியாத தென்துருவத்தில் இருந்த எட்டாவது தொலைநோக்கி, அளவீடுகளைச் சரிபார்க்க உதவியது. அவை பதிவு செய்தது 1.3 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலைகளை. அந்த அலைக்கு நிறம் என்று ஒன்று கிடையாது. ஆகவே ஏதாவதொரு நிறத்தைக் கொடுத்தாக வேண்டும். அவர்கள் ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்தார்கள். பச்சையைத் தேர்ந்திருந்தாலும் செய்தி மாறியிருக்காது. எங்கே வெளிச்சம் மிகுதி, எங்கே குறைவு என்பதைத்தான் அந்த நிறம் சொல்கிறது.

பதிவான தரவு இணையம் வழியாக அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்ததால், வன்தட்டுகளாக விமானத்தில் வந்தது. தென்துருவத்தில் குளிர்காலம் முடிந்து விமானம் போகும்வரை அங்குள்ள தட்டுகளுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதற்குப் பின் அவர்கள் செய்ததுதான், நான் மாணவர்களிடம் எப்போதும் அழுத்திச் சொல்வது. படத்தை உருவாக்கும் வேலையை நான்கு குழுக்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு குழு மற்றொன்றோடு பேசக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள். எதிர்பார்ப்பே படமாகிவிடக் கூடாது என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. நான்கு குழுக்களும் தனித்தனியே ஒரே வளையத்தைக் கண்டார்கள். 2019 ஏப்ரல் 10 அன்று உலகம் பார்த்தது அதைத்தான். பிறகு, கிரீன்லாந்தில் இருந்த தொலைநோக்கியும் சேர்ந்து 2018இல் செய்த நோக்கீட்டின் முடிவு 2024இல் வெளியானபோது, வளையத்தின் அளவு மாறாமல் இருந்தது, அதன் வெளிச்சமான பகுதி மட்டும் சற்று நகர்ந்திருந்தது. கற்பனையாக வரைந்த படத்துக்கு இப்படியெல்லாம் ஒரு வாழ்க்கை அமையாது.

இதற்கு எதிர்ப்புறம், வடதுருவத்தில் சூரியன் மறையும் காட்சி என்று சுற்றிவரும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பனியும் நீரும் சூழ்ந்த நிலத்தின் மேல் ஒரு மாபெரும் பிறை, அதன் கீழே சின்னஞ்சிறு சூரியன். அது ஓவியர் ஒருவர் கணினியில் படைத்த கலைப்படைப்பு. 2006இலேயே சுற்றத் தொடங்கிவிட்டது. அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அதை நிழற்படம் என்று சொன்னவர்கள் மற்றவர்கள். இதைக் கண்டுபிடிக்க இணையம்கூடத் தேவையில்லை. கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தச் சொல்லுங்கள். விரல் நுனியின் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை. நிலாவின் அகலம் அதில் பாதிதான். சூரியனும் அதே அரைப் பாகைதான். அதனால்தான் முழுச் சூரிய கிரகணத்தில் ஒன்று மற்றொன்றைக் கச்சிதமாக மறைக்கிறது. துருவத்துக்குப் போனாலும் நிலா பத்து மடங்கு பெருத்துவிடாது. நிலாவளவு பெரிதாகச் செவ்வாய் தெரியும் என்று ஒவ்வோர் ஆகஸ்டிலும் வரும் செய்தியும் இதே சுண்டுவிரலில் விழுந்துவிடும். 2003 ஆகஸ்ட் 27இல், ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் இல்லாத நெருக்கத்தில் செவ்வாய் வந்தபோதுகூட, அதன் தோற்ற அகலம் நிலாவின் எழுபதில் ஒரு பங்குக்கு மேல் போகவில்லை.

"பெரிய நிறுவனம் வெளியிட்டது" என்று சொன்னது நிறைவளிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மனம் சரியாகத்தான் உறுத்தியிருக்கிறது. 2022 ஜூலை 31 அன்று எட்டியன் க்ளைன் என்ற பெயர்பெற்ற பிரெஞ்சு இயற்பியலாளர், கறுப்புப் பின்னணியில் சிவந்து ஒளிரும் ஒரு வட்டத்தை ட்விட்டரில் போட்டு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த பிராக்சிமா சென்டாரியின் படம் இது என்று எழுதினார். நமக்கு மிக அருகில், 4.2 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள விண்மீன் அது. பல்லாயிரம் பேர் வியந்தார்கள். பிறகு அவரே, அது சொரிசோ என்ற ஸ்பானிய இறைச்சிப் பண்டத்தின் ஒரு வில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். அதிகாரம் உள்ளவர் சொன்னார் என்பதற்காக நம்பிவிடாதீர்கள் என்று காட்டவே செய்ததாக விளக்கினார். வெப் தொலைநோக்கியின் முதல் படங்கள் வந்து மூன்று வாரம்கூட ஆகாத அந்த நேரத்தில் அவர் அதைச் செய்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் அவர் காட்டிய ஓட்டை உண்மையானது. சொன்னவரின் பெயரோடு நின்றுவிடக் கூடாது. எந்தக் கருவி, எந்த நாள், எந்த அலைநீளம், மூலத் தரவு எங்கே என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வெப் தொலைநோக்கியின் மூலத் தரவுகள் பொதுக் காப்பகத்தில் இருக்கின்றன. சில நோக்கீடுகள் சில மாதங்கள் கழித்துத் திறக்கப்படும், அவ்வளவுதான். உங்கள் பள்ளிக் கணினியிலிருந்தே அவற்றை இறக்கி, அகச்சிவப்பில் அலைநீளம் மிகுந்ததற்குச் சிவப்பு, குறைந்ததற்கு நீலம் என்று நீங்களே நிறம் கொடுத்துப் பார்க்கலாம். என் அண்டை வீட்டுப் பையன் ஒருவன் அப்படிச் செய்து பார்த்த நாளிலிருந்து "ஃபேக்" என்ற சொல்லை எளிதில் எடுப்பதில்லை.

சந்திரயான் படங்களைப் பற்றி ஒரு சொல். 2019 ஜூலை 22இல் சந்திரயான்-2 புறப்பட்ட சில நாள்களிலேயே, அது எடுத்த பூமியின் படங்கள் என்று பளபளப்பான படங்கள் பரவின. மெய்யான படங்கள் ஆகஸ்ட் 3இல் எடுக்கப்பட்டு மறுநாள்தான் இஸ்ரோவால் வெளியிடப்பட்டன. மெய் வந்து சேர்வதற்குள் பொய் ஊரைச் சுற்றிவிட்டது. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 தரையிறங்கியபோதும் அதுவே நடந்தது. பிரக்யான் ஊர்தியின் பின் சக்கரங்களில் தேசிய சின்னமும் இஸ்ரோவின் முத்திரையும் செதுக்கப்பட்டிருந்தது உண்மை; ஆனால் நிலா மண்ணில் அவை அச்சு வார்த்ததுபோலப் பதிந்திருந்த படம், ஆர்வலர் ஒருவர் கணினியில் உருவாக்கியது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து முடித்த பணி சந்திரயான்-3. நம் பிள்ளைகளுக்கு அதில் தனிப் பெருமிதம் இருக்கிறது. அந்தப் பெருமிதத்தின் மேல் ஒரு போலிப் படம் ஏறி உட்கார்ந்துகொண்டு, பிறகு அது போலி என்று தெரியவந்ததும், மெய்யான தரையிறக்கத்தின் மேலேயே ஐயம் விழுகிறதே, அதுதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின், நிழல் கோணலாக இருக்கிறதா, விளிம்பு மங்கியிருக்கிறதா என்று படத்தை உற்றுப் பார்த்துப் பொய்யைப் பிடிக்கும் காலம் கடந்துகொண்டிருக்கிறது. 2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியால் கண்டறியப்பட்ட, சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த 3ஐ/அட்லஸ் வால்வெள்ளிக்கு, உலோகப் பளபளப்போடு எத்தனை விண்கலப் படங்கள் வந்தன! ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த மெய்யான படத்தில் தெரிந்தது, நீர்த்துளி வடிவில் மங்கலான ஓர் ஒளிமூட்டம். அது டிசம்பர் 19இல் பூமிக்கு மிக அருகில் வந்தபோதும் ஏறத்தாழ 27 கோடி கிலோமீட்டர் தள்ளியே இருந்தது. அந்தத் தொலைவில் உள்ளதன் மேற்பரப்பில் சன்னலும் ஆணியும் தெரிகிறதென்றால், அந்தத் தெளிவே அதற்கு எதிரான சாட்சி.

காரைக்கால் வாசகர் எழுதியது:

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் எழுதுகிறேன். நான் பொறியியல் படித்தவன். சிறுவயது முதல் நளதீர்த்தத்தில் முழுகி தர்ப்பாரண்யேசுவரரைத் தொழுது வருபவனும்கூட. அந்த மூன்று நொடிக் கதை என்னை இரண்டு வகையிலும் வருத்துகிறது.

முதலில் கணக்கு. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மூன்று நொடியில் அது கடக்கும் தொலைவு, காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் போகும் தொலைவைவிடக் கூடுதல். அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் தாங்குகிறது. அதை நிறுத்தவும், நின்றபின் பழைய வேகத்துக்குக் கொண்டுவரவும், ஏவியபோது ராக்கெட் செய்த பெரும் வேலையைப் போன்ற ஒன்றை இருமுறை செய்ய வேண்டியிருக்கும். அதற்கான எரிபொருள் எந்தச் செயற்கைக்கோளிலும் இல்லை. "நிற்கும் செயற்கைக்கோள்" என்று நாம் சொல்வது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு இணையாகச் சுற்றுகிறவற்றைத்தான்; வீட்டு மாடியில் உள்ள டிஷ் ஆன்டெனா நோக்குவது அவற்றை. திருநள்ளாறோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது.

சனிக்கோளிலிருந்து வரும் கருநீலக் கதிர்தான் காரணம் என்று கதையில் ஒரு பகுதி உண்டு. காசினி என்ற விண்கலம் 2004 முதல் 2017 வரை பதின்மூன்று ஆண்டுகள் அந்தச் சனிக்கோளையே சுற்றியது; வளையங்களுக்கும் கோளுக்கும் இடையே இருபதுக்கும் மேற்பட்ட முறை புகுந்து வந்தது; நான்கரை லட்சத்துக்கும் கூடுதலான படங்களை அனுப்பியது. எந்தக் கதிரும் அதை நிறுத்தவில்லை. அதன் பயணத்தை முடித்துச் சனிக்குள் பாயச் செய்ததும் நாசா திட்டமிட்டே செய்தது.

ஆனால் உங்கள் மூத்த ஆசிரியரிடம் நான் இந்தக் கணக்கிலிருந்து தொடங்க மாட்டேன். திருநள்ளாறு மூவர் பாடல் பெற்ற தலம். சப்தவிடங்கத் தலங்களில் ஒன்று. மதுரையில் அனலில் இட்டபோதும் கருகாமல் பச்சையாக இருந்ததென்று வழிவழியாகப் போற்றப்படும் சம்பந்தரின் பதிகம் இந்த ஊருக்கு உரியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் வந்து தொழுத ஒரு கோயிலுக்கு, அறுபது, எழுபது ஆண்டு வயதுள்ள ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் சான்றிதழ் எதற்கு, அதுவும் அந்த நிறுவனம் தராத சான்றிதழ்? என் பெரியப்பாவிடம் இதை இப்படித்தான் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொன்னவன் கோயிலுக்குப் பெருமை சேர்க்கணும்னு நினைச்சிருப்பான்" என்றார். அதன்பின் அவர் அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பியதாகத் தெரியவில்லை. மாணவர்கள் முன்னிலையில் உங்கள் மூத்த ஆசிரியரை மறுக்காதீர்கள். தனியே, தேநீர் வேளையில் பேசுங்கள்.

உதகை மலைச்சரிவு எழுதியது:

இன்னொன்றையும் மாணவர்களிடம் சொல்லலாம். "இன்று நள்ளிரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமியைக் கடக்கின்றன, கைப்பேசியை அணைத்துவிடுங்கள், நாசாவும் பிபிசியும் அறிவித்துள்ளன" என்ற செய்தி ஆண்டுக்கு இருமுறையாவது என் குடும்பக் குழுவில் வருகிறது. தேதி இல்லாத "இன்று" என்பதால் அது என்றைக்கும் பழசாவதில்லை.

விண்வெளியிலிருந்து பாய்ந்துவரும் நுண்துகள்களான காஸ்மிக் கதிர்கள் இருப்பது உண்மை; விக்டர் ஹெஸ் 1912இல் பலூனில் ஏறிப் போய்க் கண்டறிந்தார். அவை எல்லா நாளும் எல்லா நேரமும் விழுந்துகொண்டிருக்கின்றன. அவற்றால் வளிமண்டலத்தில் பிறக்கும் மியூவான்கள் என்ற நுண்துகள்கள், நீங்கள் இதைப் படிக்கும்போதும் உங்கள் உள்ளங்கையை நிமிடத்துக்குப் பல பத்து என்ற கணக்கில் ஊடுருவிப் போகின்றன. அவற்றை எண்ணும் உலகத் தரமான ஆய்வுக்கூடம் நம் ஊட்டியிலேயே, 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 என்ற அந்த அமைப்பு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி மியூவான்களைப் பதிவு செய்கிறது. 2015 ஜூன் 22 அன்று, சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பிய மின்னூட்ட மேகம் பூமியின் காந்தப்புலத்தை மோதி வலுவிழக்கச் செய்தபோது, நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டி இரண்டு மணி நேரம் மியூவான்கள் கூடுதலாக வந்து விழுந்ததை அந்தக் கருவிகள் பதிவு செய்தன. 2016இல் ஆய்விதழில் வெளியாகி உலகம் முழுவதும் பேசப்பட்டது. வாட்ஸ்அப் எச்சரிக்கிற அந்த இரவு ஒருமுறை உண்மையாகவே வந்துபோயிருக்கிறது; கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தமிழ்நாடு தூங்கிக்கொண்டிருந்தது; ஊட்டியில் இருந்த கருவிகள் அதை அறிந்தன. பொய்ச் செய்தியை மறுப்பதைவிட, இந்த உண்மையைச் சொல்லும்போது பிள்ளைகளின் கண்கள் விரிவதைப் பார்த்திருக்கிறேன்.

கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று இரண்டு பாடவேளைகளை எடுத்துக்கொண்டு, நீங்கள் எழுதியவற்றில் பெரும்பகுதியை வகுப்பில் படித்தேன். அகல் விளக்குக் கணக்கைப் பலகையில் போட்டோம். சுண்டுவிரலை நீட்டிப் பார்க்க மாலையில் நிலா வரும்வரை நான்கு பேர் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார்கள். விரலுக்குப் பின்னால் நிலா முழுதாக மறைந்ததில் அவர்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பின் வரிசைக் குரல், கருந்துளைக்கு நான்கு குழுக்கள் தனித்தனியே வேலை செய்ததைக் கேட்டபின், "அப்போ அவங்களுக்கே அவங்க மேல சந்தேகம் இருந்துருக்கு டீச்சர்" என்றது. ஆமாம் என்றேன்.

கேள்வி கேட்ட மாணவி, தீபாவளிப் படத்தை மறுபடியும் ஒட்ட வேண்டும் என்கிறாள். அதன் கீழே கிறிஸ் எல்விட்ஜின் பெயர், 2003 என்ற ஆண்டு, நான்கு நிறங்களின் பொருள் ஆகியவற்றை அவளே எழுதப்போகிறாள். பக்கத்தில் 2012ஆம் ஆண்டுப் படத்தையும் ஒட்டி, "ஒரே நாடு, இரண்டு படங்கள், இரண்டிலும் தீபாவளி தெரியவில்லை" என்று தலைப்பிட எண்ணம். மூத்த ஆசிரியரிடம் இன்னும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை தேநீர் வேளைக்கு வைத்திருக்கிறேன். படங்களின் கீழே வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் அதற்குள் சொல்லுங்கள்.

புவிநோக்கு எழுதியது:

ஒன்றே ஒன்று, அம்மா. 2012ஆம் ஆண்டுப் படமும் கருவியிலிருந்து வந்தபடியே இல்லை. நகர வெளிச்சம் எளிதில் தெரிவதற்காக அதன் பிரகாசத்தைக் கூட்டியிருப்பதாக நாசாவே அதன் குறிப்பில் சொல்லியிருக்கிறது. அந்த வரியையும் மாணவி தன் கையாலேயே அதன் கீழே எழுதிவிடட்டும்.